நிலவு ஏன் வெள்ளைத் தட்டாகிறது?

பௌர்ணமி இரவில் மொட்டை மாடியில் நின்று நிலவைப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்கு நிலவின் கறைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் தானாக இயங்கும் காமிராவில் எடுத்த படத்தில் பெரும்பாலும் ஒரு வெள்ளைத் தட்டுதான் இருக்கும். கறையும் இல்லை, மேடு பள்ளமும் இல்லை. காமிரா கெட்டுவிட்டதா? இல்லை. தனக்குச் சொல்லப்பட்ட வேலையை அது சரியாகச் செய்திருக்கிறது. நாம் சொல்ல நினைத்ததை அதனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சட்டைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் காமிராக்களில் ஒரு வகை உண்டு. அவற்றின் மேலே ஒரு திருகு வட்டு இருக்கும். அதை 'ஆட்டோ' என்ற இடத்திலிருந்து 'எம்' என்ற எழுத்துக்குத் திருப்பினால், இதுவரை காமிரா எடுத்துவந்த முடிவுகள் எல்லாம் நம் கைக்கு வந்துவிடும். அந்த முடிவுகள் யாவை? அவற்றின் பின்னே இருக்கும் இயற்பியல் என்ன? ஓர் இயற்பியல் மாணவனுக்கு இந்த வட்டைத் திருப்புவதால் என்ன லாபம்? இவற்றைப் பார்ப்போம்.

உலகமெல்லாம் சாம்பல் நிறமா?

முதலில், தானியங்கி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். காமிராவுக்கு நிலவு தெரியாது, மல்லிகைப்பூ தெரியாது, எருமை மாடு தெரியாது. தன் மேல் விழும் ஒளியின் அளவு மட்டுமே அதற்குத் தெரியும். எனவே அது ஓர் அனுமானத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. எதிரே உள்ள காட்சியைச் சராசரியாக எடுத்துக்கொண்டால் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும், அதாவது தன் மேல் விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் என்பதே அந்த அனுமானம்.

தெருக்காட்சி, வகுப்பறை, மரத்தடி ஆகியவற்றில் இந்த அனுமானம் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆனால் படம் முழுவதும் மல்லிகைக் குவியலாக இருந்தால்? 'வெளிச்சம் அதிகம்' என்று எண்ணிக் காமிரா ஒளியைக் குறைக்கும். வெள்ளைப் பூ அழுக்குச் சாம்பலாகிவிடும். எதிரே எருமை நிறைந்து நின்றால், 'வெளிச்சம் போதாது' என்று எண்ணி ஒளியைக் கூட்டும், எருமை வெளுத்துப்போகும். நிலவின் கதையும் இதுதான். படத்தில் பெரும்பகுதி கறுத்த வானம். அந்த வானத்தைச் சாம்பலாக்க முயன்று காமிரா ஒளியை வாரி வாரிச் சேர்க்கிறது. சிறிய நிலவு அந்த வெள்ளத்தில் மூழ்கிவிடுகிறது.

புதிய காமிராக்கள் முகத்தையும் பனியையும், சில நிலவையும்கூட அடையாளம் கண்டு தம்மைத் திருத்திக்கொள்கின்றன. ஆனாலும் அவை செய்வது ஊகமே. எதிரே இருப்பது இன்னதென்று உறுதியாக அறிந்தவர் காமிராவுக்குப் பின்னால் நிற்கும் நீங்கள்தாம்.

ஒளி மின்னாகும் விதம்

டிஜிட்டல் காமிராவில் பிலிமுக்குப் பதிலாகச் சிலிக்கனால் ஆன ஒரு சிறு தகடு இருக்கிறது. இதை உணர்வி என்போம். ஒளி என்பது ஃபோட்டான் எனப்படும் ஆற்றல் பொட்டலங்களாக வந்து விழுகிறது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானுக்குச் சுமார் 2.25 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. சிலிக்கனில் கட்டுண்ட ஓர் எலக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆகவே சிலிக்கனால் உட்கவரப்பட்ட ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. எவ்வளவு ஒளியோ அவ்வளவு எலக்ட்ரான்கள். அவற்றைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து வைத்து எண்ணினால் படம் கிடைத்துவிடும்.

இதைச் செய்ய வல்ல சி.சி.டி. என்ற கருவியை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். 2009-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பாதி இவ்விருவருக்கும் கிடைத்தது. கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் 1975-இல் சி.சி.டி.யைக் கொண்டு ஒரு காமிராவைச் செய்து காட்டினார். அதன் எடை சுமார் 3.6 கிலோ. படத்தில் இருந்த புள்ளிகள் 10,000 மட்டுமே. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 நொடிகள் பிடித்தன!

சிலிக்கனுக்கு நிறம் தெரியாது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் இதற்கு ஒரு வழி சொன்னார். 1976-இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிற வடிகட்டியைப் பொருத்தினார். நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண் பச்சை ஒளியில் நுட்பமாகப் பார்ப்பதால் பச்சைக்கு இரு பங்கு. இன்றும் பெரும்பாலான காமிராக்களில் இந்த ஏற்பாடே தொடர்கிறது.

குடமும் குழாயும்

ஒவ்வொரு புள்ளியையும் ஒரு குடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். குடத்தில் எவ்வளவு நீர் சேரும்? குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்ற இரண்டைப் பொறுத்தது. காமிராவிலும் அப்படித்தான். லென்சின் திறப்பு குழாய். ஷட்டர் திறந்திருக்கும் காலம் நேரம்.

திறப்பை எஃப் எண்ணால் குறிக்கிறார்கள். லென்சின் குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 2009-இல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் எஸ்90 என்ற காமிரா இவ்வகைச் சிறு காமிராக்களில் நன்கு பெயர் பெற்றது. லென்சைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும்; அதைத் திருகியே திறப்பையோ நேரத்தையோ மாற்றலாம். அகன்ற காட்சிக்கு அதன் குவியத் தூரம் 6 மி.மீ. எஃப் எண் 2. அப்படியானால் திறப்பின் விட்டம் 6 ÷ 2 = 3 மி.மீ. அதையே எஃப் 4 ஆக்கினால் விட்டம் 1.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்கு. எனவே உள்ளே வரும் ஒளியும் கால் பங்கே.

எஃப் எண்கள் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11 என்று விநோதமான வரிசையில் அமைந்திருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா? ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப் போல் 1.414 மடங்கு, அதாவது 2-இன் வர்க்கமூலம். ஒரு படி ஏறினால் ஒளி சரிபாதியாகிறது. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை அறிந்தவர் தாமே எழுதிக்கொள்ளலாம்.

ஷட்டர் நேரமும் இப்படியே 1/30, 1/60, 1/125, 1/250 நொடி என்று ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறையும். ஆகவே எஃப் 4-உம் 1/60 நொடியும் தரும் ஒளியை எஃப் 2.8-உம் 1/125 நொடியும் தரும். குழாயை இரு பங்கு திறந்து பாதி நேரத்தில் மூடினால் நீர் மாறுவதில்லை அல்லவா?

மூன்றாவது ஒன்று உண்டு. அதுவே ஐ.எஸ்.ஓ. எண். இதைக் கூட்டினால் படம் பளிச்சென்று வரும். ஆனால் இது குடத்தில் ஒரு துளி நீரையும் கூட்டுவதில்லை. அரைக் குடம் நீரை முழுக் குடம் என்று கணக்கெழுதுவதைப் போன்றது. வந்த மின் குறிப்பைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை

ஒரே அளவு ஒளியைப் பல வழிகளில் சேர்க்கலாம் என்றால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? அதைத் தீர்மானிக்கத்தான் மனிதன் தேவைப்படுகிறான். ஏனெனில் மூன்றுக்கும் தனித்தனி விலை உண்டு.

ஷட்டர் நேரத்தை நீட்டினால் அசையும் பொருள் கலங்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. 1/60 நொடியில் அது 17 செ.மீ. நகர்ந்துவிடும், அதன் பக்கத்தில் எழுதிய ஊர்ப் பெயர் இழுபட்டுப்போகும். 1/1000 நொடியில் 1 செ.மீ. தான் நகரும், ஊர்ப் பெயரைப் படிக்கலாம்.

திறப்பைப் பெரிதாக்கினால் தெளிவாக விழும் தூரத்தின் எல்லை சுருங்கும். ஆனால் சிறு காமிராவில் குவியத் தூரம் மிகக் குறைவு என்பதால் இந்த எல்லை பெரிதாகவே இருக்கிறது. மேற்சொன்ன 6 மி.மீ. லென்சை எஃப் 2-இல் வைத்து 3 மீட்டருக்குக் குவித்தால், ஏறக்குறைய 1.5 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். பின்னணியைக் கலங்கடித்து முகத்தை மட்டும் எடுத்துக்காட்ட விரும்புவோர்க்கு இது குறை. ஒரு செடியின் இலையையும் அதன் பின்னுள்ள வயலையும் ஒரே படத்தில் காட்ட விரும்புவோர்க்கு இதுவே வரம்.

அப்படியானால் திறப்பை ஊசித் துளையாகச் சுருக்கினால் இன்னும் தெளிவு கூடுமா? கூடாது. இங்கே ஒளியின் அலைத்தன்மை குறுக்கே வருகிறது. சிறு துளை வழியே செல்லும் ஒளி பரவும். இதை விளிம்பு விளைவு என்று பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பீர்கள். ஒரு புள்ளியின் பிம்பம் ஒரு சிறு வட்டாகப் பரந்துவிடும். அந்த வட்டின் விட்டம் 2.44 × ஒளியின் அலைநீளம் × எஃப் எண். பச்சை ஒளியின் அலைநீளத்தை 0.55 மைக்ரான் என்று கொண்டு எஃப் 8-க்குக் கணக்கிடுங்கள். 10.7 மைக்ரான் வரும். அந்தக் காமிராவின் உணர்வியில் ஒரு புள்ளியின் அகலமோ 2 மைக்ரான்! ஒரு புள்ளியில் விழ வேண்டிய ஒளி ஐந்து புள்ளி அகலத்துக்குப் பரவுகிறது. இதனால்தான் இவ்வகைக் காமிராக்கள் பலவற்றில் எஃப் எண் 8-உடன் நின்றுவிடுகிறது. பெரிய காமிராவில் எஃப் 16, எஃப் 22 இருக்கின்றனவே, இதில் இல்லையே என்று யாராவது குறை சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவதன் விலை இரைச்சல். படத்தில் மணல் தூவினாற்போலப் பொரிப்பொரியாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குக் காரணம் காமிராவின் மட்டம் மட்டும் அன்று. ஒளியின் இயல்பே காரணம். ஃபோட்டான்கள் மழைத்துளிகளைப் போல ஒழுங்கின்றி விழுகின்றன. முற்றத்தில் ஒரே மாதிரியான இரு பாத்திரங்களை வைத்தாலும் இரண்டிலும் விழும் துளிகளின் எண்ணிக்கை சற்று மாறத்தானே செய்யும்? சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழும் இடத்தில் இந்த ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமாகிய 100 அளவுக்கு இருக்கும். அதாவது 1 விழுக்காடு. 100 ஃபோட்டான்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 விழுக்காடு. ஒளி குறையக் குறையப் பொரி கூடுகிறது. ஐ.எஸ்.ஓ. வைக் கூட்டும்போது படத்தோடு சேர்த்துப் பொரியையும் பெருக்குகிறோம்.

மெகாபிக்சல் பேரம்

காமிரா வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் எண்ணிக்கையைத்தான். எண் பெரிதானால் காமிரா சிறந்ததாகிவிடுமா?

முற்றத்தின் பரப்பு மாறாமல் பாத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு பாத்திரமும் சிறிதாகும். ஒவ்வொன்றிலும் விழும் மழையும் குறையும். 2008-இல் கேனன் நிறுவனம் வெளியிட்ட ஜி10 என்ற காமிராவில் 14.7 மெகாபிக்சல்கள் இருந்தன. மறு ஆண்டு அதற்கு அடுத்ததாக வந்த ஜி11 காமிராவில் எத்தனை தெரியுமா? 10 மெகாபிக்சல்! உணர்வியின் அளவை மாற்றாமல், புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைத்தார்கள். மங்கிய வெளிச்சத்தில் நன்றாக எடுப்பதே நோக்கம். எண் ஏறிக்கொண்டே போகும் சந்தையில் எண்ணைக் குறைத்து ஒரு காமிராவை விற்றது வியப்புக்குரிய செய்திதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'உணர்வியின் பரப்பு எவ்வளவு?' என்பது. எஸ்90 காமிராவின் உணர்வி 7.4 மி.மீ. நீளமும் 5.6 மி.மீ. அகலமும் உடையது, பரப்பு சுமார் 41 சதுர மி.மீ. 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 காமிராவின் உணர்வி 13.2 மி.மீ. × 8.8 மி.மீ.; பரப்பு சுமார் 116 சதுர மி.மீ. இரண்டுமே சட்டைப்பையில் அடங்குபவை. ஆனால் ஒரே எஃப் எண்ணிலும் ஒரே நேரத்திலும் பின்னதன் மேல் விழும் மொத்த ஒளி 2.8 மடங்கு. வீட்டில் பெரியவர்கள் பணம் போட்டு வாங்கித் தருவதற்கு முன் இந்த ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

செல்பேசி போதாதா?

நீங்கள் கேட்பது சரியான கேள்வி. இன்றைய சில செல்பேசிகளின் உணர்வி பழைய சிறு காமிராக்களின் உணர்வியைவிடப் பெரியது. ஷட்டர் நேரத்தையும் ஐ.எஸ்.ஓ. எண்ணையும் நாமே அமைக்கும் வசதியும் பல செல்பேசிகளில் இருக்கிறது. நினைவுக்காக ஒரு படம் எடுக்கச் செல்பேசி தாராளமாகப் போதும்.

ஆனால் மூன்று வேறுபாடுகளைக் கவனியுங்கள். முதலாவது, பெரும்பாலான செல்பேசிகளில் லென்சின் திறப்பு மாறாது. குழாயைத் திறந்து மூட முடியாது. நேரத்தை மட்டுமே மாற்றலாம்.

இரண்டாவது, செல்பேசியின் உணர்வி பொதுவாகப் படத்தை ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரி வரியாகப் படிக்கிறது. சுழலும் மின்விசிறியைச் செல்பேசியில் படம் எடுத்தால் இறக்கைகள் அரிவாள் போல் வளைந்து தெரிவது இதனால்தான். முதல் வரியைப் படிக்கும்போது ஓரிடத்தில் இருந்த இறக்கை, கடைசி வரியைப் படிக்கும்போது வேறிடத்துக்குப் போய்விடுகிறது. இவ்வகைச் சிறு காமிராக்கள் பெரும்பாலானவற்றில் லென்சுக்குள்ளேயே ஒரு சிறு ஷட்டர் உண்டு. அது உணர்வி முழுவதற்கும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடுகிறது.

மூன்றாவது வேறுபாடே மிக முக்கியமானது. தானியங்கி முறையில் செல்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கலந்து, பொரியை நீக்கி, நிழலை வெளுத்து, வானத்தை நீலமாக்கி ஒரு படத்தை நமக்குத் தருகிறது. படம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அது எந்த நொடியில், எவ்வளவு நேரத்தில் பதிவானது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். 'எம்' நிலையில் நீங்கள் எடுத்த படத்துக்கு விடை உண்டு. இத்தனை மி.மீ. திறப்பு, இத்தனை நொடி, ஒரே ஒரு பதிவு. மேலும் இக்காமிராக்கள் பலவற்றில் 'ரா' என்ற வடிவில் படத்தைச் சேமிக்கலாம். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. அவையும் அழகுக்காக ஏற்றி இறக்கப்பட்டவை. 12 பிட் 'ரா' கோப்பில் 4096 படிகள் உண்டு. உணர்வி எண்ணியது ஏறக்குறைய அப்படியே இருக்கும். அப்போது காமிரா ஓர் அளவு கருவியாகிவிடுகிறது.

சக்கரத்தின் வேகம் என்ன?

அளவு கருவி என்றேன். அளந்து பார்ப்போமா?

ஒரு சைக்கிளை இருட்டான அறையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் சிறிய எல்.ஈ.டி. விளக்கு ஒன்றைப் பின்சக்கரத்துக் கம்பியில் இறுகக் கட்டி எரியவிடுங்கள். சக்கரத்துக்கு நேர் எதிரே ஒரு முக்காலியின் மேல் காமிராவை அசையாமல் வையுங்கள். 'எம்' நிலையில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6, ஷட்டர் நேரம் 1/4 நொடி. குவியத்தை முன்கூட்டியே வெளிச்சத்தில் சக்கரத்தின் மேல் அமைத்து, மாறாமல் நிறுத்திவிடுங்கள். நண்பர் ஒருவர் மிதியைச் சீராகச் சுற்றட்டும். கையும் துணியும் சக்கரத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படம் எடுங்கள்.

படத்தில் விளக்கு ஒரு வட்ட வில்லாகத் தெரியும். சக்கரத்தின் மையத்திலிருந்து வில்லின் இரு முனைகளுக்கும் கோடு வரைந்து கோணமானியால் அளவிடுங்கள். கோணம் 108 பாகை என்று வைத்துக்கொள்வோம். 1/4 நொடியில் 108 பாகை என்றால் ஒரு நொடியில் 432 பாகை, அதாவது 1.2 சுற்று. சக்கரத்தின் சுற்றளவை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். அது 2.1 மீட்டர் என்றால், வேகம் 1.2 × 2.1 = நொடிக்கு 2.52 மீட்டர், மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்.

பணச் செலவு இல்லாமல் ஒரு வேகமானி கிடைத்துவிட்டது! தானியங்கி முறையில் இது கைகூடாது. இருட்டைக் கண்டு காமிரா தன் விருப்பப்படி நேரத்தை நீட்டிக்கொள்ளும். நம் கணக்குக்கு ஆதாரமான 1/4 நொடி நம்மிடம் இராது.

இனி நிலவுக்கு வருவோம்

நிலவு இரவில் தெரிவதால் அதை இருட்டுப் பொருள் என்று நினைக்கிறோம். ஆனால் நிலவின் மேல் இப்போது பட்டப்பகல்! அது நண்பகல் வெயிலில் காயும் ஒரு பாறை. நம் பூமியின் மேல் விழும் அதே சூரிய ஒளிதான் அதன் மேலும் விழுகிறது. ஆகவே அதை வெயிலில் நிற்கும் பொருளைப் போலவே படம் எடுக்க வேண்டும்.

பிலிம் காலத்துப் புகைப்படக்காரர்களிடம் ஒரு வாய்பாடு உண்டு. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஷட்டர் நேரம் 1/ஐ.எஸ்.ஓ. நொடி. அதாவது ஐ.எஸ்.ஓ. 100-க்கு 1/100 நொடி. நிலவின் பாறை சற்றுக் கருமையானது. விழும் ஒளியில் சுமார் 12 விழுக்காட்டையே திருப்பி அனுப்புகிறது. எனவே ஒரு படி கூடுதல் ஒளி கொடுத்து எஃப் 11 வைப்பது வழக்கம். நம் சிறு காமிராவில் எஃப் 11 இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எஃப் 11-லிருந்து எஃப் 5.6 இரண்டு படி கீழே. ஒளி நான்கு மடங்கு. எனவே நேரத்தைக் கால் பங்காக்கி 1/400 நொடி வையுங்கள். உச்சிக்கு அருகில் இருக்கும் முழு நிலவுக்கு இது பொருந்தும். அடிவானத்து நிலவுக்கும் பிறைக்கும் நேரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

நிலவு வானத்தில் அரைப் பாகை அகலமே உடையது. 22.5 மி.மீ. குவியத் தூரத்தில் அதன் பிம்பம் 0.2 மி.மீ. அளவே விழும்; ஒரு புள்ளி 2 மைக்ரான் என்றால் குறுக்கே 100 புள்ளிகள். சிறிய படம்தான். ஆனால் அந்த 100 புள்ளிக்குள் நிலவின் கறைகள் தம் இடத்தில் இருக்கும். வெள்ளைத் தட்டு போய் நிலவு வந்துவிடும். (சூரியனை நோக்கி மட்டும் இச்சோதனையைச் செய்யாதீர்கள். கண்ணுக்கும் காமிராவுக்கும் கேடு.)

மாறுவது எப்படி?

ஒரே நாளில் எல்லாவற்றையும் கைக்கொள்ள முயல வேண்டாம். முதல் வாரம் வட்டை 'ஏவி' என்ற எழுத்தில் வைத்துத் திறப்பை மட்டும் நீங்கள் மாற்றுங்கள். நேரத்தைக் காமிரா பார்த்துக்கொள்ளும். அது என்ன நேரம் வைக்கிறது என்பதைத் திரையில் கவனியுங்கள். இரண்டாம் வாரம் 'டிவி' என்ற எழுத்து. இது தொலைக்காட்சி அன்று. நேரத்தை நாம் அமைக்கும் நிலை. சில காமிராக்களில் இவ்விரண்டுக்கும் 'ஏ', 'எஸ்' என்ற எழுத்துகள் இருக்கும். மூன்றாம் வாரம் 'எம்'. எடுக்கும் முன் திறப்பையும் நேரத்தையும் ஊகித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எடுத்தபின் சரிபாருங்கள். நான்கு படி தவறும், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. சில வாரங்களில் வெளிச்சத்தைப் பார்த்தவுடனே எண் நாவில் வந்து நிற்கும்.

புதிய காமிராதான் வேண்டும் என்பதில்லை. செல்பேசி வந்தபின் பல வீடுகளில் இத்தகைய காமிராக்கள் அலமாரியில் உறங்குகின்றன. மாமாவிடமோ அத்தையிடமோ கேட்டுப் பாருங்கள். மின்கலம் ஏறுகிறதா, லென்சின் உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா, அதில் செல்லக்கூடிய நினைவு அட்டை கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பத்துப் பதினைந்து ஆண்டுப் பழமையால் 1/4 நொடி அரை நொடி ஆகிவிடாது.

நீங்களே செய்து பாருங்கள்

இதோ ஒரு பயிற்சி. இருண்ட அறையில் அதே சாவிக்கொத்து விளக்கை ஒரு பஞ்சுத் தலையணையின் மேல் விழுமாறு உயரத்திலிருந்து கைவிடுங்கள். பக்கத்தில் ஒரு மீட்டர் அளவுகோலை நிறுத்தி, விளக்கு ஒரு மீட்டர் விழுந்த சமயத்தில் ஷட்டர் திறக்குமாறு எடுக்க முயலுங்கள். நேரம் 1/15 நொடி. பலமுறை முயன்றால்தான் ஒரு படம் வாய்க்கும். அந்தப் படத்தில் ஒளிக்கோட்டின் நீளம் சுமார் 32 செ.மீ. இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொண்டு அந்த 32 எப்படி வந்தது என்று முதலில் தாளில் கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் படத்தில் உள்ள கோட்டை அளந்து, அதிலிருந்து 9.8 திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஷட்டர் சரியாக ஒரு மீட்டரில் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? கோட்டின் மேல் முனை எங்கே இருக்கிறது என்பதை அளவுகோல் காட்டும் அல்லவா? அங்கிருந்து தொடங்குங்கள்.